இரண்டு தீக்குச்சி அரண்

துரையோடு விளையாடும்போது நான் நின்றுகொண்டுதான் விளையாடினேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு நாற்காலி. இந்தப் பக்கம் நான். என் இடது காலில் மூன்று விரல் கிடையாது. அவனுடைய தோட்டத்தில் கான் வெட்டும்போது மண்வெட்டி பட்டுப் போனவை. அது அவனுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் நின்றால் அந்தக் கால் எப்படி வீங்கும் என்பதும் தெரியும். அறையில் இன்னும் நான்கு நாற்காலிகள் சும்மா கிடந்தன.

அவனை 'அவன்' என்றே எழுதப் போகிறேன். அன்று வாயில் வராதது இன்று கையிலாவது வரட்டும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் தோட்டங்களில் ஒன்று, பெயர் வேண்டாம். பத்து வருடம் நான் கான் வெட்டியவன். மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவோம். அதுதான் கான். விரல் போன பிறகு சரிவில் கால் ஊன்ற முடியவில்லை. பங்களாவில் போட்டார்கள். பாத்திரம் கழுவுவது, துரை காலில் போடும் சப்பாத்து துடைப்பது, குளிர் காயும் அடுப்புக்கு விறகு வைப்பது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் அதைப் பெரிய பாக்கியம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துரைக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன். அவன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பெரிய வரைபடமும் சின்னச் சின்ன அட்டைகளும் இருந்தன. வரைபடம் முழுக்க ஆறு மூலைக் கட்டங்கள், தேன்கூட்டைப் பிரித்து வைத்த மாதிரி. காடு, ஆறு, மலை, ரோட்டு எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் வரைந்திருந்தது. ஒவ்வொரு அட்டையும் ஒரு படை. அதில் ஓர் எண் அதன் சண்டைப் பலம். இன்னோர் எண் அது ஒரு முறைக்கு எத்தனை கட்டம் நடக்கும் என்பது. அடிக்கிறவன் பலத்தையும் காக்கிறவன் பலத்தையும் ஒப்பிட்டு, பகடை போட்டு, யார் செத்தது, யார் பின்வாங்கியது என்று பார்க்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவன் ஞாயிறுதோறும் வந்து விளையாடினான். அவன் சீமைக்குத் திரும்பிப் போன பிறகு இவனுக்கு ஆள் இல்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை.

"நீ எண் வாசிக்கும்தானே?" என்றான். எங்களுக்கு உத்தரவு போடுவதற்கென்றே துரைமார் படித்து வைத்திருந்த தமிழ் அது.

"வாசிப்பேங்க தொர."

"இங்கே வா. நில்லு."

போய் நின்றேன். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் நின்றேன்.

முதல் நாள் பன்னிரண்டு அட்டையை என் பக்கம் தள்ளி, நல்ல இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னான். பன்னிரண்டையும் ஆற்றோரப் பள்ளத்தில் வைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வரைபடத்தின் நடுவில் அருமையான மலை ஒன்று இருந்தது. அதன் மேல் ஏறி நின்றால் நாலு பக்கமும் அடிக்கலாம், கீழிருந்து வருகிறவனுக்குப் பலம் பாதி. அதை அவன் விரலால் தட்டினான்.

"இங்கே ஏன் வைக்கலே?"

"அது தொர இருக்கற எடம்ங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்த மலை அப்படித்தான். மேட்டில் பங்களா, நடுவில் பேக்டரி, பள்ளத்தில் லயம். எங்கள் ஆட்களை வைக்கச் சொன்னால் கை பள்ளத்துக்குத்தான் போகும். அரை மணி நேரத்தில் பன்னிரண்டையும் அவன் அள்ளி எடுத்தான். அடுத்த மாதம் கிளப்பில் இந்தக் கதையைச் சொல்லி மற்ற துரைமாரையும் சிரிக்க வைத்தான் என்று பங்களா டிரைவர் சொன்னான்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டேன். முக்கியமாக அரண் போடுவதை.

அரண் பற்றிப் பெட்டியோடு வந்த புத்தகத்தில் கொஞ்சம்தான் இருந்ததாம். மீதியைத் துரையே சேர்த்துக்கொண்டான். பதுங்குகுழிக்கென்று அட்டை இல்லாததால் தீக்குச்சி வைப்பான். ஒரு படை ஒரு முறை முழுக்க அசையாமல், யாரையும் அடிக்காமல், ஒரே கட்டத்தில் இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு தீக்குச்சி. குழி வெட்டிவிட்டது என்று அர்த்தம். அதை அடிக்க வருகிறவனுக்கு அதன் பலம் இரண்டு மடங்கு. இன்னொரு முறையும் அசையாமல் இருந்தால் இரண்டாவது குச்சி, மூன்று மடங்கு. அதற்கு மேல் ஏறாது.

ஆனால் அரணைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. படை ஒரே ஒரு கட்டம் நகர்ந்தாலும் இரண்டு குச்சியும் போய்விடும். திரும்பி அதே இடத்துக்கு வந்தாலும் முதலிலிருந்துதான் வெட்ட வேண்டும்.

கடைசி விதி ஆறு பக்கத்தைப் பற்றியது. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி ஆறு கட்டம் இருக்கும். அதில் ஒன்றாவது திறந்திருந்தால்தான் உள்ளே இருக்கிறவனுக்குச் சோறும் தண்ணீரும் வரும். ஆறும் அடைபட்டால் முறைக்கு ஒரு குச்சியாக உருவிவிடுவார்கள். இரண்டும் போன பிறகு அந்தப் படையை விரலால் எடுத்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். பகடைகூட வேண்டாம்.

எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. பத்து வருடம் மண் வெட்டியவனுக்குக் குழி வெட்டுவதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? ஆற்றுப் பக்கம் முதுகை வைத்து, பக்கத்தில் இரண்டு அட்டையைத் துணைக்கு வைத்து, நடுவில் இருப்பதை அசைக்காமல் விட்டுவிடுவேன். துரை வந்து முட்டுவான். பகடை போடுவான். உதட்டைக் கடிப்பான். கடைசியில் தோற்பது நான்தான். ஆனால் அரை மணி நேரத்தில் தோற்றவன் மூன்று மணி நேரம் தாங்கினேன். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி என் தங்கச்சி விஷயம்.

அவளும் புருஷனும் கீழ் லயத்தில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. ஒரு நாள் அவள் பறித்த கொழுந்து முற்றல் என்று கண்டாக்கு கூடையைத் தட்டிவிட்டான். கண்டாக்கு என்றால் மலையில் வேலை வாங்குகிற உத்தியோகத்தன். கொழுந்து மண்ணில் கொட்டியது. அவள் குனிந்து அள்ளப் போனபோது சப்பாத்துக் காலால் அதை மிதித்தான். அவள் விரலும் சேர்ந்து மிதிபட்டது. பக்கத்து நிரையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மச்சான் வந்து, கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கண்டாக்குவின் கன்னத்தில் ஒரு அறை விட்டான். ஒன்றே ஒன்று.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது மச்சான் பெயரும் இல்லை, தங்கச்சி பெயரும் இல்லை. பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தை விட்டுப் போ என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. புருஷனுக்குச் சீட்டு என்றால் பெண்சாதிக்கும் சேர்த்துத்தான். பத்து நாளில் காம்பராவை, அதாவது லயத்து அறையை, காலி செய்ய வேண்டும்.

எங்கே போவது? நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் போட்டு எங்களை எந்த நாட்டு மனிதரும் இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். எங்களுக்கு ஊர், நாடு, விலாசம் எல்லாம் அந்தப் பத்தடிக் காம்பராதான். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் வந்து பேசினார்.

"ஹட்டன்ல வெசாரணைக்கு எழுதியாச்சு. ஆறு வாரம் ஆகும். கண்டாக்கு மிதிச்சதப் பாத்தவுங்க இருக்காங்க, கேசு நம்ம பக்கம்தான். ஆனா ஒண்ணு. அந்த நாள் வரைக்கும் காம்பராவுல இருக்கணும். தானா வெளிய போய்ட்டா நாங்க ஒண்ணும் செய்ய ஏலாது."

அன்று சாயந்தரம் நான் போனேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். வெட்டுவதற்கு இனி செடி இல்லை. கை சும்மா இருக்காமல் தீட்டினான்.

"ஆறு வாரம் எப்புடி மச்சான் தாங்குறது? நாளைக்கே ஆள் கூட்டிக்கிட்டு வந்து சாமானத் தூக்கி வெளிய போட்டா?"

"போட மாட்டாங்க. கை வச்சா அவுங்களுக்குத்தான் கேசு," என்றேன். "அசையாதீங்க. அவ்வளவுதான். ஒரு எடத்துல அசையாம இருக்கறவன அடிக்கறது லேசு இல்ல. ஒரு நாள் இருந்தா ரெண்டு மடங்கு. ரெண்டு நாள் இருந்தா மூணு மடங்கு."

"என்னாத்துல மூணு மடங்கு?"

தங்கச்சி உள்ளேயிருந்து சிரித்தாள். "அண்ணனுக்குத் தொரை வெளையாட்டுப் புடிச்சிருச்சு. நெருப்புப் பொட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் யுத்தம் செய்றாங்களாம்."

"சிரி. நீ வெளிய வராம இரு, அது போதும்."

"நான் எங்கண்ணே வர்றது? என்னயத் தூக்கித்தான் போடணும்."

அவர்கள் சொன்னபடி இருந்தார்கள். பத்து நாள் போனது, இருபது நாள் போனது. அக்கம்பக்கத்து ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் மாவும் அரிசியும் கொடுத்தார்கள். துரை ஆள் அனுப்பிக் கேட்டான், மிரட்டினான், பொலிஸ் வரும் என்றான். ஒன்றும் நடக்கவில்லை. நான் சொன்னது சரி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த நிலையில்தான் அந்த ஞாயிறு வந்தது.

"இன்னைக்கி மாத்து," என்றான் துரை. "நான் உள்ளே. நீ வெளியே. எப்படி எடுக்கும், காட்டு."

ஓர் ஊர்க் கட்டத்தில் ஒரு படையை வைத்தான். அதற்கு இரண்டு தீக்குச்சி. சுற்றி ஐந்து கட்டத்தில் ஐந்து சின்னப் படை, குச்சி இல்லாமல். ஆறாவது கட்டம் ரோட்டு. என் கையில் பத்து அட்டை.

நான் நடுவில் இருந்ததைத் தொடவே இல்லை. சுற்றி இருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டத்தைத் திறந்து விட்டுத் தள்ளினேன். அவை பின்வாங்கிப் போனபின் அந்த இடங்களில் என் ஆட்களை வைத்தேன். கடைசியில் ரோட்டில் ஒருவனை வைத்தேன். ஆறும் அடைபட்டது. துரை ஒரு குச்சியை எடுத்தான். அடுத்த முறை இரண்டாவதை எடுத்தான். நான் அவனுடைய படையை எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரனை ஜெயித்திருந்தேன்.

"நடுவிலே ஏன் அடிக்கலே?" என்று கேட்டான்.

"அது மூணு மடங்குங்க தொர. முட்டுனா நம்ம ஆளுதான் சாகும். பக்கத்துல இருக்கறதுக்குக் குச்சி இல்லீங்களே."

"பின்னாலே ஏன் வழி விட்டது?"

"வழி இல்லாட்டி நின்னு சண்ட போடுவாங்க. வழி இருந்தா போயிருவாங்க. அதுவும் இத விட நல்ல எடம் காட்டுனா சண்டையே வேணாங்க தொர. அவுங்களே சாமானக் கட்டிருவாங்க."

"அப்புறம்?"

"தண்ணிய அடைக்கணும். வாசலுக்கு ஒரு ஆள். அப்புறம் நம்ம ஒண்ணும் செய்ய வேணாங்க. சும்மா இருந்தாப் போதும்."

அவன் பைப்பைப் பற்ற வைத்தான். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தான். பிறகு காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினான்.

"உட்காரு."

உட்கார்ந்தேன். மெத்தை போட்ட நாற்காலி. வலித்த கால் தரையை விட்டு எழுந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

எனக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டைப் பற்றித்தான் பேசினேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். 'நல்ல இடம் காட்டினால்' என்று சொன்ன நேரத்தில், மேல் டிவிஷனில் கட்டி முடித்திருந்த புது லயம் என் கண் முன்னால் வந்து போனது. ஒரு நொடிதான். வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த சந்தோஷத்தில் வாய் மூடவில்லை.

அது போதாதென்று மறுநாள் பீலிக்குப் போய், தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் எல்லாம் சொன்னேன். துரையை எப்படி மடக்கினேன், எப்படி நாற்காலி போட்டான் என்று நடித்துக் காட்டினேன். ஆம்பிளைகள் கைதட்டினார்கள். தங்கச்சியும் குடத்தோடு நின்று கேட்டாள்.

எங்கள் கீழ் லயம் இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசைக் காம்பரா. நடுவில் இருக்கிறவனுக்கு இடது பக்கம் ஒரு வீடு, வலது பக்கம் ஒரு வீடு, பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, அதன் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று. ஐந்து. ஆறாவது பக்கம் முன்வாசல். தங்கச்சி இருந்தது நடுக் காம்பராவில்.

புதன்கிழமை அந்த ஐந்து குடும்பத்தையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேல் டிவிஷனில் புது லயம், சீமெந்துத் தரை, ஒழுகாத தகரம், சமையலுக்குத் தனி இடம். விருப்பமானவர்கள் நாளைக்கே போகலாம். ஐந்து பேரும் ஓடி வந்து மூட்டை கட்டினார்கள்.

நான் விஷயம் கேட்டு இறங்கி ஓடினேன். வலது பக்கத்துக் காம்பரா அக்கா சட்டி பானையைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் தங்கச்சிக்குச் சோறு கொடுத்தவள்.

"அக்கா, மூணு வாரம் பொறுங்க. நீங்க போனா அவ தனியாயிருவா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் ஒங்களுக்கு எடம் குடுக்குறாங்க."

"எதுக்குக் குடுத்தா எனக்கென்னா தம்பி? பதினாறு வருஷமா தலையில ஒழுகுது. ஓம் தங்கச்சி புருஷன் கன்னத்துல அறைஞ்சதுக்கு நான் நனையணுமா?" கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். "நீதான் சொன்னியாமே, நல்ல எடம் காட்டுனா போயிருவாங்கன்னு. பீலியில எல்லாரும் கேட்டாங்க. போறோம், பாத்துக்க."



வியாழக்கிழமை அந்த ஐந்து காம்பராவின் கூரைத் தகரத்தையும் கழற்றினார்கள். பழுது பார்க்கிறார்களாம். வெள்ளிக்கிழமை பீலியை உருவிக்கொண்டு போனார்கள். அதுவும் பழுது. லயத்தின் மற்ற ஆட்களுக்கு மேலே வேறு பீலி காட்டினார்கள். முன்வாசல் பாதையில் ஒரு காவல்காரன். பேர்ப் புத்தகத்தில் பெயர் உள்ளவர்கள்தான் போகலாம் வரலாம் என்று அவனுக்கு உத்தரவு. வெளியே போகிறவனை அவன் தடுக்க மாட்டான். திரும்பி வரத்தான் விடமாட்டான்.

தங்கச்சி வீட்டுக் கதவை யாரும் தொடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. நான் சொன்னபடியே, சும்மா இருந்தார்கள்.

ஆடி மாதம். அந்தப் பக்கத்து ஆடி மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து பக்கமும் கூரை இல்லாத காம்பராவில் விழுந்த தண்ணீர் எல்லாம் நடுக் காம்பராவுக்குள்தான் இறங்கியது. மண்சுவர் ஊறி, கை வைத்தால் உள்ளே போனது. குடிக்க அவர்கள் கூரையிலிருந்து வடிந்ததைப் பிடித்தார்கள். அடுப்பு எரியவில்லை. அவித்த கிழங்கை யாராவது காவல்காரன் கண்ணில் படாமல் சுவர் மேலாக எறிந்தால் உண்டு.

ஞாயிறு காலையில் நான் மண்வெட்டியோடு போனேன். பின்பக்கத்துக் காம்பராத் தரையில் ஒரு கான் வெட்டித் தண்ணீரை வெளியே திருப்பிவிட்டால் சுவர் தப்பிக்கும். நாலு முழம் வெட்டியிருப்பேன். கண்டாக்கு குடையோடு வந்து நின்றான்.

"பங்களா ஆளு, ஒனக்கு இங்க என்னா வேல?"

"தண்ணி தேங்குதுங்க."

"தேங்கட்டும். ஒனக்கும் சீட்டு வேணுமா?"

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். நாலு முழக் கான் அரைகுறையாகக் கிடந்தது. முடியாத கான் இருப்பதை விட இல்லாதது மேல். அதன் வழியாகத் தண்ணீர் இன்னும் வேகமாக அவர்கள் சுவருக்குப் போனது. அன்று மத்தியானம் துரை என்னை விளையாடக் கூப்பிடவில்லை.

இன்னும் எட்டு நாள் இருக்கும்போது மச்சானுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு நாள் இருக்கும்போது நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பெயர் இல்லாதவனுக்கு மருந்து இல்லை. தங்கச்சி காவல்காரனிடம் சொல்லி அனுப்பினாள். பங்களா வேலை முடித்து மத்தியானம் போனேன். பேர்ப் புத்தகத்தில் என் பெயர் இருந்ததால் விட்டான்.

மச்சான் பலகை மேல் கிடந்தான். உதடு நீலம். பேச்சு இல்லை. கீழ் லயத்தின் கோடியில் இருந்த இரண்டு பையன்மார் கம்பளியைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகத் தயாராக நின்றார்கள்.

"நீயும் கூடப் போ," என்றேன். "அங்க யாராவது சொந்தக்காரங்க இருக்கணும்."

"காம்பரா?"

நான் தொட்டில் முடிச்சை இழுத்துப் பார்த்தேன்.

"ஆள் இல்லாட்டிப் போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரு அடி நகந்தாலும் முடிஞ்சதுன்னு." அவள் புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க இருங்கண்ணே. நான் இவரச் சேத்துட்டு, நாளைக்கி காவக்காரன் கண்ணுல படாம பின்சுவர் ஏறி வந்துர்றேன். யாராவது உள்ள இருந்தாப் போதும். நீங்க இருந்தா அவன் தகரத்துல கை வைக்க மாட்டான்."

அவள் சொன்னது சரி. விதிப்படியும் சரி. கட்டத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும், எந்த ஆள் என்று கணக்கில்லை. என் பெயர் பேர்ப் புத்தகத்தில் இருக்கிறது, காவல்காரன் என்னைத் தடுக்க முடியாது. ஒரு நாள் அந்தப் பலகையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"எனக்குப் பங்களாவுல வேல இருக்கு," என்றேன்.

"என்னா வேல?"

"சப்பாத்து தொடைக்கணும். நாளைக்கி தொர நுவரெலியாவுக்குப் போறாரு."

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிலின் பின்னால் நடந்தாள். காவல்காரன் ஒதுங்கி வழி விட்டான். நான் பங்களாவுக்கு ஏறினேன். பாதி வழியிலேயே பின்னால் தகரம் கழற்றும் சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். சப்பாத்து துடைத்தேன். பளபளவென்று துடைத்தேன்.

மறுநாள் அவள் வந்தபோது நாலு சுவர்தான் நின்றது. அதற்கடுத்த நாள் ஒரு சுவர் விழுந்தது.

விசாரணை நடந்தது. துரையின் ஆள் எழுந்து, யாரும் அவர்களை வெளியேற்றவில்லை, கை வைக்கவில்லை, திட்டவில்லை, அவர்களாகவே காம்பராவை விட்டுப் போனார்கள், காவல்காரன் சாட்சி என்றான். வலது பக்கத்து அக்காவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் நல்ல வீடு கிடைத்துப் போனேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அவள் சொன்னாள். எல்லாம் உண்மை. கண்டாக்கு விரலை மிதித்த கதை பேச்சுக்கே வரவில்லை. சங்கத்தார் பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு துரை வரைபடத்தை விரித்தான். எனக்கு எதிரே நாற்காலி தயாராக இருந்தது.

அதை உதைத்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். உட்கார்ந்தேன். அன்று அவன் எனக்கு அந்த மலையை விட்டுக் கொடுத்தான். என் ஆட்களை மலை உச்சியில் வைத்தேன். கை தானாகவே போனது.

மச்சான் பிழைத்தான். ஆனால் நெஞ்சு பழையபடி வரவில்லை. மண்வெட்டி பிடிக்க மூச்சுப் போதவில்லை. கந்தப்பளைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் இரண்டு வருடம் தங்கச்சி கூலிக்கு நின்று அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். பிறகு இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே யாரும் இல்லை. தாத்தா விட்டு வந்த ஊரின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

சங்கத்து ஆபீசில் போட்டு வைத்திருந்த சாமானை எடுக்க ஹட்டனுக்கு வந்து அங்கிருந்து ரயில் ஏறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த இரண்டு வருடத்தில் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, இருமிக்கொண்டு மச்சான். மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கிப் போயிருந்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை. ரயில் வந்து நின்றது. மூட்டையைத் தூக்க நான் குனிந்தபோது என் கையைத் தட்டிவிட்டு அவளே தூக்கினாள். உள்ளே ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"கால் வலிக்கலியாண்ணே?"

"இல்ல."

"நிக்காதீங்க. ஒங்களுக்குத்தான் நாக்காலி பழகிருச்சே."

ரயில் நகர்ந்தது. வளைவு திரும்பி மறையும் வரை நின்றேன். எனக்குப் பின்னால் பிளாட்பாரத்தில் நீளமான பெஞ்சு ஒன்று காலியாகத்தான் கிடந்தது.